ஏணியைப் பிடித்தவன்

பதினேழாம் நூற்றாண்டின் அறநெறி இறையியலார் ஒரு வேலைக்காரனைப் பற்றி நெடிது வழக்காடினார்கள். அவனுடைய எசமான் ஒரு கன்னிப்பெண்ணைக் கெடுக்கும் எண்ணத்தோடு சன்னல் வழியாக அவள் வீட்டுக்குள் ஏற விரும்புகிறான். வேலைக்காரன் தோள் கொடுக்கிறான், ஏணி சுமந்து வருகிறான், கதவைத் திறந்துவிடுகிறான். எசமான் எதற்காக ஏறுகிறான் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். மறுத்தால் தனக்குத் தீங்கு வரும் என்ற அச்சத்தால் செய்கிறான். அவன் செய்தது சாவான பாவமா? இல்லை என்று சிலர் தாராளமாகத் தீர்ப்பளித்தார்கள். 1679-ஆம் ஆண்டு திருத்தந்தை பதினோராம் இன்னொசென்ட் காலத்தில் தளர்ந்த அறநெறிக் கருத்துகள் 65 கண்டிக்கப்பட்டபோது, இந்த வேலைக்காரனை விடுவித்த கருத்து 51-ஆவதாக அப்பட்டியலில் இடம்பெற்றது.

கண்டிக்கப்பட்ட அந்த வாக்கியத்தில் அவனுடைய அச்சங்களும் வரிசையாகச் சொல்லப்பட்டுள்ளன. எசமான் கொடுமையாக நடத்துவானோ, கடுகடுத்த கண்ணால் பார்ப்பானோ, வீட்டைவிட்டுத் துரத்துவானோ. இம்மூன்றில் நடுவில் நிற்பது என்னை வியக்க வைக்கிறது. கொடுமையும் வேலையிழப்பும் பெரியவை. அவற்றுக்கு அஞ்சுவதை எவரும் புரிந்துகொள்வர். ஒரு கடுகடுத்த பார்வைக்காகவே மனிதன் ஏணியைப் பிடித்துவிடுவான் என்று கண்டு எழுதியவர், பிறரிடம் வேலை செய்து பிழைப்போர் படும் பாட்டை அருகிருந்து அறிந்தவராகவே இருக்க வேண்டும்.

அடுத்த நூற்றாண்டில் புனித அல்போன்ஸ் லிகோரியார் இவ்வழக்கை மீண்டும் எடுத்துக்கொண்டு, பிறர் தீமையில் துணைபோவதை இரு வகையாகப் பிரித்தார். தீமையைத் தானும் விரும்பி அதில் உடன்படுவது ஒன்று. தீமையை விரும்பாமல், தன்னளவில் தீதல்லாத ஒரு செயலால் அதற்கு உதவ நேர்வது மற்றொன்று. முன்னதற்கு எக்காலத்தும் இடமில்லை. பின்னதில் காரணத்தின் கனத்தையும், செயல் தீமைக்கு எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்பதையும் சீர்தூக்க வேண்டும். குருமடப் பாடநூல்களில் தூசி படிந்து கிடப்பதாக நாம் எண்ணும் இந்த வேறுபாடு, அண்மைக்காலத்தில் கலிபோர்னியாவின் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்த இளைஞர்களின் வாழ்வில் உயிர்பெற்று எழுந்ததை எண்ணியே இக்கட்டுரையை எழுதத் துணிகிறேன்.

தெரனோஸ் என்ற அந்நிறுவனத்தை 2003-இல் தொடங்கியபோது எலிசபெத் ஹோம்சுக்கு வயது 19. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் படிப்பை அவர் பாதியில் நிறுத்தினார். கையில் ஊசி ஏற்றிக் குழாய் குழாயாக இரத்தம் எடுக்கத் தேவையின்றி, விரல் நுனியில் எடுக்கும் சில சொட்டுகளாலேயே எல்லாச் சோதனைகளையும் செய்ய வேண்டும் என்பது அவர் கனவு. ஊசிக்கு அஞ்சும் குழந்தையையும், நரம்பு கிடைக்காமல் பலமுறை குத்தப்படும் முதியவரையும் நினைத்துப் பார்த்தால் அது நல்ல கனவே என்பதை மறுக்க முடியாது. இத்தகைய நிறுவனத்தை ஸ்டார்ட்-அப் என்கிறார்கள். விற்பனைக்குப் பொருள் உருவாகும் முன்பே, உருவாகும் என்ற உறுதியை முன்வைத்துப் பணம் திரட்டி வளர்வது அதன் இயல்பு. 2014-இல் தெரனோசின் மதிப்பு 900 கோடி டாலர் என்று கணிக்கப்பட்டது. முன்னாள் வெளியுறவு அமைச்சர்களான ஹென்றி கிஸ்ஸிஞ்சரும் ஜார்ஜ் ஷுல்ட்சும் அதன் இயக்குநர் குழுவில் அமர்ந்தார்கள்.

அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள் கயவர்கள் அல்லர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிடில் இவ்வழக்கு நமக்கு எதையும் கற்பிக்காது. பலர் அப்போதுதான் பட்டம் பெற்று வந்தவர்கள். கூடுதல் ஊதியம் தரும் வேலைகள் வேறிடத்தில் கிடைத்திருக்கலாம். நோயாளிக்கு நன்மை செய்யும் வேலை என்ற எண்ணமே அவர்களை ஈர்த்தது. நம் மறைமாவட்டங்களில் கல்லூரி முடிக்கும் இளைஞனிடம் எத்தகைய நல்லெண்ணத்தை எதிர்பார்ப்போமோ, அதே நல்லெண்ணம். அதோடு ஊழியர்களிடம் ஒரு வகைப் பத்தியும் எதிர்பார்க்கப்பட்டது. தாம் ஒரு சமயத்தையே கட்டி எழுப்புவதாகவும், நம்பாதவர்கள் விலகிவிடலாம் என்றும் ஹோம்ஸ் ஊழியர் கூட்டத்தில் கூறினார் எனப் பத்திரிகையாளர் ஜான் கேரிரூ 2018-இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். சமயம் என்ற சொல் எவ்வளவு எளிதாகப் பயன்பட்டுவிட்டது என்பதைக் கிறிஸ்தவ வாசகர் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஐயத்தோடு வந்த தோமாவைத் தம் காயங்களைத் தொட்டுப்பார்க்க ஆண்டவர் அழைத்தார், விலகிப்போகச் சொல்லவில்லை.

உள்ளே நிலைமை எப்படி இருந்தது? விரல் நுனியைக் குத்திப் பிதுக்கும்போது சிவப்பணுக்கள் சில உடைந்துபோகும். அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து கலந்துவிடும். அப்போது உடலில் இல்லாத உயர்வு சோதனையில் தெரியும். பொட்டாசிய உயர்வோ இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடிய ஆபத்து என்று மருத்துவர்கள் அஞ்சுவது. எடிசன் என்று பெயரிடப்பட்ட நிறுவனத்தின் சொந்தக் கருவி நோயாளிகளுக்காகச் செய்த சோதனைகள் 12 மட்டுமே. பிறவற்றைச் சீமென்ஸ் முதலிய நிறுவனங்களின் கருவிகளில் செய்தார்கள். அக்கருவிகளுக்குச் சில சொட்டு போதாது; எனவே இரத்தத்தில் நீர்மம் கலந்து அளவைப் பெருக்கினார்கள். நீர்த்த இரத்தத்தில் தேடும் பொருளின் செறிவு குறைகிறது. அக்கருவி நம்பத்தக்க முறையில் அளக்கும் எல்லைக்கே அது கீழே போய்விடக்கூடும். வெளியே வாடிக்கையாளருக்கு இவை தெரியா. 2013 இலையுதிர் காலம் முதல் கலிபோர்னியாவிலும் அரிசோனாவிலும் வால்கிரீன்ஸ் மருந்துக்கடைகளில் மக்கள் விரல் நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே நம் தமிழ் இலக்கணம் எனக்குத் துணைக்கு வருகிறது. ‘மாடு புல் தின்னும்’ என்கிறோம். அது எக்காலத்தும் உள்ள இயல்பைச் சொல்கிறது. ‘நாளை மழை பெய்யும்’ என்கிறோம். அது வரப்போவதைச் சொல்கிறது. வினைமுற்றின் வடிவம் ஒன்றே. ‘இக்கருவி ஒரு சொட்டில் நூற்றுக்கணக்கான சோதனைகளைச் செய்யும்’ என்று ஒருவர் கூறினால், இன்று செய்கிறதா, ஒருநாள் செய்யப்போகிறதா? தெரனோஸ் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த ‘உம்’ விகுதிக்குள்ளேயே கழித்தது எனலாம். ஆங்கிலத்தில் இவ்வசதி இல்லாததால், அங்கே வரப்போவதை வந்துவிட்டதாகவே சொல்ல வேண்டியதாயிற்று. பணம் போடுகிறவர் நாளை நடக்கக்கூடியதை நம்பிப் போடலாம். இடர் ஏற்பது அவர் தொழில். ஆனால் இன்று காலை என் உடலில் இருந்து எடுத்த இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்ற கேள்விக்கு எதிர்காலத்தில் விடை கிடையாது. தொடக்கநிலை நிறுவனத்தில், அதுவும் நோயும் உடலும் சார்ந்த நிறுவனத்தில், வேலை செய்கிறவரின் மனச்சான்று படும் துன்பம் முழுவதும் இவ்விரு காலங்களுக்கும் இடையிலேதான் நிகழ்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ‘அடுத்த மாதம் சரியாகிவிடும்’ என்பது பொய்யாகத் தோன்றுவதில்லை. அது உழைப்பவனின் ஊக்கமாகத் தோன்றுகிறது. சில நேரங்களில் உண்மையிலேயே ஊக்கமாக இருக்கவும் செய்கிறது.

புதிய முயற்சி என்றாலே ஐயுற வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. மதுரையில் 1976-இல் 11 படுக்கைகளோடு மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் ஒரு துணிச்சலான கனவுதான். கண்ணுக்குள் பொருத்தும் வில்லையை இங்கேயே செய்வோம் என்று 1992-இல் அவர்கள் ஆரோலேப் நிறுவனத்தை அமைத்ததும் துணிவுதான். வில்லை உருவாவதற்கு முன்னரே உருவாகிவிட்டதாகக் காட்டி ஒருவர் கண்ணில் பொருத்த முடியாது என்பது அங்கே ஓர் இயற்கையான காவல். இரத்தச் சோதனையில் அந்தக் காவல் இல்லை. தாளில் அச்சான எண் சரியா, பிழையா என்பது பார்த்தால் தெரியாது. அதனால் அங்கே மனிதரின் வாய்மையே முழுச் சுமையையும் தாங்க வேண்டியிருக்கிறது.

இனி ஏணிக்கு வருவோம். பழைய வழக்கின் வேலைக்காரனுக்கு மேலே என்ன நடக்கப்போகிறது என்பது தெரியும். தெரனோசில் அதைத் தெரியவிடாமல் செய்வதே நிர்வாக முறையாக இருந்தது. ஒரு பிரிவினர் மற்றொரு பிரிவினரோடு தம் வேலையைப் பற்றிப் பேசலாகாது. கைரேகை பதிந்தால் மட்டுமே திறக்கும் கதவுகள். சேரும்போதே இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையொப்பம். வேதியியலாளருக்குப் பொறியாளரின் சிக்கல் தெரியாது. இருவருக்கும் மருந்துக்கடையில் நடப்பது தெரியாது. ஒவ்வொருவரும் ஏணியின் ஒரு படியைச் செதுக்கினார்கள். சன்னலைக் கண்டவர் சிலரே. உழைப்பால் விளையும் பொருளைவிட உழைக்கும் மனிதரே மேலானவர் என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் மனித உழைப்பைப் பற்றிய சுற்றுமடலில் வற்புறுத்தினார். தான் எதைச் செய்துகொண்டிருக்கிறோம் என்று அறியவே விடாத வேலையில், மனிதர் என்ற நிலையிலிருந்து கருவி என்ற நிலைக்கு ஒருவர் இறங்கிவிடுகிறார். அதற்காக ஊதியம் உயர்ந்திருக்கலாம். உணவு இலவசமாகக் கிடைத்திருக்கலாம்.

ஆயினும் ‘எனக்குத் தெரியாது’ என்பது முழு விடையாகிவிடாது. அறியாமையிலும் வகை உண்டு என்று புனித தாமஸ் அக்குவினார் காட்டினார். தடையின்றிப் பாவம் செய்வதற்காகவே வேண்டி வரவழைத்துக்கொண்ட அறியாமை குற்றத்தைக் குறைப்பதில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களே என்று அஞ்சிக் கேளாமல் இருப்பது அவ்வகையில் சேரும். இதற்கும், உண்மையாகவே மறைக்கப்பட்டதால் அறியாமல் இருப்பதற்கும் இடையே கோடு கிழிப்பது எளிதன்று. தெரனோசில் எண்ணூறு பேர் வரை வேலை பார்த்த காலம் உண்டு. அவர்களில் யார் எந்தப் பக்கம் நின்றார் என்று தீர்ப்பிட எவருக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை.

எரிக்கா சங் என்ற இளம்பெண்ணுக்குக் கல்லூரி முடித்தபின் அதுவே முதல் வேலை. நோயாளியின் இரத்தத்தைச் சோதிக்கும் முன், விடை முன்பே தெரிந்த ஒரு மாதிரியைக் கருவியில் ஓட்டிப் பார்ப்பது ஆய்வக வழக்கம். விடை பொருந்தாவிட்டால் கருவியை நம்பக்கூடாது. அங்கே அது அடிக்கடி பொருந்தவில்லை. அப்போது விலகி நின்ற எண்களைச் சில நேரங்களில் நீக்கிவிட்டு மற்றவற்றால் தேர்ச்சி காட்டப்பட்டதை அவர் கண்டார். அவரோடு பணியாற்றிய டைலர் ஷுல்ட்சும் எண்களில் இதே ஓட்டையைக் கண்டார். கேரிரூ தரும் ஒரு செய்தியின்படி, மேகநோய்ச் சோதனைக்காக நோய் உறுதியான 66 மாதிரிகளை எடிசனில் ஓட்டியபோது முதன்முறை 65 விழுக்காட்டையும் மறுமுறை 80 விழுக்காட்டையுமே அது கண்டுபிடித்தது. அறிக்கையிலோ 95 என்று எழுதப்பட்டது. டைலர் தலைவிக்கு மின்னஞ்சல் எழுதினார். இரண்டாம் நிலையில் இருந்த ரமேஷ் பல்வானியிடமிருந்து கடுகடுத்த விடை வந்தது. 2014 ஏப்ரலில் இருவரும் வேலையை விட்டார்கள்.

விட்டால் போதுமா? ஏணியை விட்டுக் கையை எடுத்துவிட்டேன் என்று வேலைக்காரன் வீட்டுக்குப் போய்விடலாமா? மேலே உள்ள பெண்ணுக்குக் குரல் கொடுக்க வேண்டிய கடமை அவனுக்கு உண்டா? இங்கேதான் கையொப்பமிட்ட இரகசியக் காப்பு ஒப்பந்தம் குறுக்கே நிற்கிறது. கொடுத்த வாக்கைக் காப்பதும் அறமே. தொழில்முறை இரகசியங்கள் காக்கப்பட வேண்டும் என்றே 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் அதன் 2491-ஆம் எண்ணில் கூறுகிறது. ஆனால் அந்த இரகசியத்தைக் காப்பதால் எவருக்கேனும் மிகக் கடுமையான கேடு விளையும் என்றால், உண்மையை வெளியிடுவது ஒன்றே அக்கேட்டைத் தடுக்கும் வழி என்றால், காப்பு தளர்கிறது என்பதையும் அங்கேயே சேர்த்துச் சொல்கிறது. மூன்றாம் மனிதருக்கு நேரும் கேடும் அதில் அடங்கும். மருந்துக்கடையில் விரல் நீட்டியவர்கள் அந்த மூன்றாம் மனிதர்களே.

டைலரின் நிலை இன்னும் கடினமானது. இயக்குநர் குழுவில் அமர்ந்திருந்த ஜார்ஜ் ஷுல்ட்ஸ் அவருடைய சொந்தத் தாத்தா. முன்பே பேரன் வந்து சொன்னதைத் தாத்தா நம்பவில்லை. 2015-இல் தாத்தாவின் வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே மாடியிலிருந்து நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் இறங்கிவந்து தாள்களை நீட்டினார்கள். தாய் தந்தையரை மதிக்கச் சொல்லும் நான்காம் கட்டளையும், பொய்ச்சான்று விலக்கும் எட்டாம் கட்டளையும் ஒரே கூடத்தில் எதிரெதிரே நின்ற காட்சி அது. நம் குடும்பங்களில் இத்தகைய கூடம் எல்லாருக்கும் தெரிந்ததே. பெரியவர் சொன்னால் சரி என்பது நம் வளர்ப்பு, நல்ல வளர்ப்புதான். ஆனால் பெரியவரின் பிழையான நம்பிக்கைக்குப் பணிந்து பேரன் கையொப்பமிட்டால், மதிப்பு என்ற பெயரில் அவரையும் ஏணியோடு சேர்த்துக் கட்டிவிடுவதாகவே முடியும். டைலர் கையொப்பமிடவில்லை. வழக்கறிஞர் கட்டணமாக அவருடைய பெற்றோர் நான்கு இலட்சம் டாலருக்கு மேல் செலவிட்டார்கள். எரிக்காவுக்கோ, சில நாளே தங்கியிருந்த ஒரு வீட்டின் முகவரிக்கு மிரட்டல் கடிதம் வந்து சேர்ந்தது. தாம் கண்காணிக்கப்படுவதை அதனால் அறிந்தார். அப்படியிருந்தும் 2015 செப்டம்பரில் ஆய்வகங்களை மேற்பார்க்கும் அரசுத் துறைக்குத் தம் பெயரிலேயே முறையீடு எழுதினார்.

அதன்பின் நடந்தவை விரைவாக நடந்தன. 2015 அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதழில் கேரிரூவின் செய்தி வெளியாயிற்று. நோயாளிகளுக்கு உடனடி ஆபத்து என்ற அளவுக்கு ஆய்வகத்தில் குறைகள் இருப்பதாக 2016 சனவரியில் அரசுத் துறை அறிவித்தது. 2014, 2015 ஆகிய ஆண்டுகளின் எடிசன் முடிவுகள் அனைத்தையும் நிறுவனமே செல்லாதென நீக்கியது. அரிசோனாவில் சோதனை செய்துகொண்ட சுமார் 1,75,000 பேருக்குப் பணத்தைத் திருப்பித்தர 2017-இல் உடன்பட்டது. 2018-இல் நிறுவனம் கலைக்கப்பட்டது.

நீதிமன்றத் தீர்ப்பில் ஒரு செய்தி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2022 சனவரியில் ஹோம்ஸ் நான்கு குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். 11 ஆண்டு 3 மாதச் சிறை. அந்நான்கும் முதலீட்டாளரை ஏமாற்றியது தொடர்பானவை. நோயாளிகளை ஏமாற்றியதாகச் சாட்டப்பட்டவற்றில் அவர் குற்றவாளியல்லர் என்றே நடுவர் குழு கூறிற்று. தனியே விசாரிக்கப்பட்ட பல்வானி மீது இருவகைக் குற்றங்களும் மெய்ப்பிக்கப்பட்டன. சட்டத்தின் நுணுக்கம் அதன் போக்கில் இருக்கட்டும். தலைவிக்கும், மருந்துக்கடையில் விரல் நீட்டியவருக்கும் இடையே எத்தனை கைகள் இருந்தன என்று நினைத்துப் பார்த்தால், ஏணி நீளமாக நீளமாக உச்சியில் நிற்பவரின் முகம் மங்கலாகிவிடுவது தெரிகிறது. கீழே நின்று பிடித்தவர்களின் முகமும் அவ்வாறே.

அவ்விசாரணையில் அரிசோனாவைச் சேர்ந்த ஒரு பெண் சான்று சொன்னார். முன்பே மூன்று முறை கருச்சிதைவுற்றவர். மீண்டும் கருவுற்று, தெரனோசில் இரத்தம் சோதித்தார். 12,558 என்றிருந்த கர்ப்ப இயக்குநீர் அளவு, சில நாளில் 125.58 என்று வந்தது. இம்முறையும் கரு நிலைக்கவில்லை என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அந்த எண் பிழையானது. இரத்தப்போக்கினால் பன்னிரண்டு ஆண்டு வருந்திய பெண்ணைப் பற்றி எழுதும் மாற்கு, மருத்துவர் பலரிடம் அவர் பட்ட துன்பத்தையும், உள்ள பணமெல்லாம் செலவழிந்தும் நிலைமை மோசமானதையும் ஒளிவின்றிக் குறிக்கிறார். லூக்கா தாமே மருத்துவர் என்பது மரபு. அவர் அதே நிகழ்ச்சியைச் சொல்லும்போது மருத்துவர்கள் மீதான கடுஞ்சொல் சற்று மென்மையாகிவிடுவதை விவிலிய ஆய்வாளர்கள் புன்னகையோடு சுட்டுவதுண்டு. தம் தொழிலைச் சேர்ந்தவர்களைக் காத்துப் பேசும் அந்த மென்மை யாருக்கும் வரக்கூடியதே. அது எரிக்காவுக்கும் டைலருக்கும் வந்திருந்தால் அரிசோனாவில் இன்னும் பலர் விரல் நீட்டியிருப்பார்கள்.

இன்று நம் பங்குகளிலிருந்து சென்ற பிள்ளைகள் பலர் பெங்களூரிலும் சென்னையிலும் இத்தகைய மருத்துவத் தொடக்க நிறுவனங்களில் பணிபுரிகிறார்கள். கைப்பேசியில் இதயத் துடிப்பை அளக்கும் செயலி, வீட்டுக்கே வந்து இரத்தம் எடுக்கும் சேவை, படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் கணினி. பெரும்பாலானவை நேர்மையான முயற்சிகளாகவே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அவர்களிடம் சம்பளம் உயர்ந்ததா, சாப்பாடு எப்படி என்று கேட்கிறோம். ‘நீ செய்கிற பொருள் இன்று என்ன செய்கிறது? விளம்பரத்தில் சொல்வது அதுதானா? பிழை கண்டால் யாரிடம் சொல்வாய், சொன்னால் கேட்பார்களா?’ என்று கேட்பதில்லை. கேட்டால் அவர்கள் வெறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ‘சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை, என்ன செய்ய?’ என்று ஒருநாள் அவர்கள் திருப்பிக் கேட்கக்கூடும். ‘வேலையைக் காப்பாற்றிக்கொள்’ என்பதைத் தவிர வேறு சொல் அப்போது நம் வீட்டில் இருக்குமா என்பதைத்தான் இப்போதே எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கிறது. வீட்டுக் கடன் உண்டு. தங்கையின் திருமணம் உண்டு. லிகோரியார் சீர்தூக்கச் சொன்ன கனமான காரணங்கள் இவையே. இவற்றைப் பொய்க்காரணம் என்று எவரும் ஒதுக்கிவிட முடியாது.

எரிக்காவும் டைலரும் இத்துறையை வெறுத்து ஓடிவிடவில்லை. புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு அறநெறியைப் பயிற்றும் ஓர் அமைப்பைச் சேர்ந்து உருவாக்கினார்கள். டைலர் பின்னர் உடல்நலச் சோதனைக்கான ஒரு நிறுவனத்தைத் தாமே தொடங்கினார்.